ஸ்க்ரூ நேரா இருந்தா எலும்பு ஒட்டிடுச்சுன்னு அர்த்தமா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்க மருத்துவப் பக்கத்துல முதுகெலும்பு ஃப்யூஷன் ஆபரேஷன், அதாவது ரெண்டு முள்ளெலும்ப ஒண்ணா ஒட்ட வெக்கற ஆபரேஷன் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், படிச்சதுல இருந்து இத எழுதணும் எழுதணும்னு மனசுல ஓடிட்டே இருந்துச்சு. நழுவின எலும்ப எப்படி நிமுத்தறாங்க, ஸ்க்ரூ எங்க போடறாங்க, எத்தன நாள் பெட்ல இருக்கணும்னு எல்லாம் நல்லா எழுதியிருந்தாங்க. ஆனா "ஒரு வாரத்தில் வீடு திரும்பலாம்"னு சொல்லி கட்டுரைய முடிச்சுட்டாங்க. என்னை மாதிரி ஆளுக்கு உண்மையான கதை அங்கதான் ஆரம்பிக்குது. வீட்டுக்கு வந்த அப்புறம் அந்த எலும்பு ஒட்டுச்சா இல்லையா, அத யாரு எப்படி பாத்து சொல்றாங்க, அந்த பேச்சே அதுல இல்ல. தப்பு கண்டுபிடிக்க எழுதல, அந்த ஒரு விஷயம் தெரியாம போனதால நான் ரெண்டு தடவ முதுக கிழிச்சுக்க வேண்டியதா போச்சு, அதனாலதான்.

எனக்கு கீழ் முதுகுல நாலாவது, அஞ்சாவது முள்ளெலும்பு சேர்ற எல்4-எல்5 எடத்துல எலும்பு நழுவி கால் நரம்ப அழுத்திட்டு இருந்துச்சு. நாலு ஸ்க்ரூ, அதுங்கள இணைக்கற ரெண்டு ராட் (உலோகக் கம்பி), நடுவுல இருந்த டிஸ்க்க எடுத்துட்டு அந்த எடத்துல கூண்டு மாதிரி ஒரு கேஜ், அதுக்குள்ளயும் சுத்தியும் எலும்புத்தூள் வெச்சாங்க. கால் வலி மறுநாளே போயிடுச்சு, கைய எடுத்து கும்பிட்டேன். மூணாம் மாசம் ரிவ்யூ போனப்போ ஒரு எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்துல காட்டி "ஸ்க்ரூ எல்லாம் சூப்பரா நேரா இருக்கு, ஒட்டிடுச்சும்மா, இனிமே எல்லாம் செய்யலாம்"னு சொன்னாங்க. நான் அப்படியே நம்பிட்டேன், பெல்ட்ட கழட்டி போட்டுட்டு பழையபடி குனிஞ்சு நிமிந்து வெயிட் தூக்கி எல்லா வேலையும் செய்ய ஆரம்பிச்சுட்டேன். எந்த ஆஸ்பத்திரின்னு சொல்ல விரும்பல, அவங்க மேல கோவமும் இப்ப இல்ல, ஆனா அந்த "ஒட்டிடுச்சு"ங்கற வார்த்தை மூணாம் மாசத்துல ஒரு எக்ஸ்ரேய பாத்து சொல்லக்கூடிய வார்த்தையே இல்லைங்கறது எனக்கு ரொம்ப லேட்டாதான் தெரிஞ்சுது.

ஸ்க்ரூவும் ராடும் எதுக்குன்னு நாம தப்பா புரிஞ்சு வெச்சிருக்கோம். அதுதான் முதுக காலம் பூரா தாங்க போகுதுன்னு நெனைக்கறோம். கான்கிரீட் போடும்போது கீழ முட்டு குடுப்பாங்கல்ல, அந்த முட்டுதான் அது. கான்கிரீட் இறுகற வரைக்கும் அசையாம புடிச்சு வெக்கறதுதான் அதோட வேல. ரெண்டு முள்ளெலும்புக்கும் நடுவுல புது எலும்பு வளந்து பாலம் போட்டாதான் ஃப்யூஷன், அதுக்கு நிறைய பேருக்கு ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷம் ஆகும், சிலருக்கு அதுக்கும் மேல போகும். பாலம் விழலன்னா அத்தன பாரமும் உலோகத்து மேலயே இருக்கும், கம்பிய முன்னாடியும் பின்னாடியும் வளைச்சுட்டே இருந்தா ஒரு நாள் பட்டுனு ஒடையுமே அந்த மாதிரி ராட் ஒடையும், இல்லன்னா ஸ்க்ரூ எலும்புக்குள்ள ஆடி ஆடி லூசாகும்.

1911ல நியூயார்க்ல ரஸ்ஸல் ஹிப்ஸ், ஃப்ரெட் ஆல்பீன்னு ரெண்டு டாக்டருங்க தனித்தனியா இந்த ஆபரேஷன ஆரம்பிச்சப்போ உள்ள உலோகமே கெடையாது. முதுகெலும்பு டிபி வந்தவங்களுக்கு பண்ணாங்க, ஆல்பீ அந்த நோயாளிங்களோட கால் எலும்புல இருந்தே ஒரு துண்டு எடுத்து முதுகுல பதிச்சாரு. அப்போ எக்ஸ்ரே கண்டுபிடிச்சே 16 வருஷம்தான் ஆகியிருந்துச்சு, சிடி ஸ்கேன்ல மொத மனுஷன பாத்தது 1971ல, அதுக்கு இன்னும் 60 வருஷம் கெடந்துச்சு. இத ஏன் சொல்றேன்னா, உள்ள உலோகம் இல்லாத காலத்துல எலும்பு ஒட்டலன்னா அந்த எடம் ஆடும், மறைக்க ஒண்ணும் இல்ல. இப்போ உலோகம் இருக்கறதால ஒட்டாத எலும்பும் ஒட்டின மாதிரியே கம்முனு இருக்கும். அசையாம இருக்கறது ராட் புடிச்சிருக்கறதாலயா இல்ல எலும்பு புடிச்சிருக்கறதாலயா? ஆபரேஷனுக்கு அப்புறம் எடுக்கற ஒவ்வொரு படமும் பதில் சொல்ல வேண்டியது இந்த ஒரு கேள்விக்குத்தான் சார், "ஸ்க்ரூ நேரா இருக்கு"ங்கறது இதுக்கு பதிலே இல்ல.

எனக்கு பத்தாவது மாசத்துக்கு மேல நடு முதுகுக்கு கீழ ஒரு வலி ஆரம்பிச்சுது. படுக்கையில பொரண்டு படுத்தா உள்ள எதுவோ ஒண்ணோட ஒண்ணு இடிக்கற மாதிரி இருக்கும். போய் எக்ஸ்ரே எடுத்தேன், ரிப்போர்ட்ல ரெண்டே வரி, ஆபரேஷன் செஞ்ச நிலை, உலோகக் கருவிகள் அதனதன் இடத்தில் உள்ளன, அவ்வளவுதான். இத நான் வெறுத்து போய் சொல்றேன், அந்த ரெண்டு வரில எலும்புங்கற வார்த்தையே இல்ல.

அப்புறம் வேற ஒரு டாக்டர்கிட்ட போனேன். அவரு மொதல்ல கேட்டது என் முதுக இல்ல, ஆபரேஷன் முடிஞ்ச மறுநாள் எடுத்த எக்ஸ்ரே இருக்கான்னு கேட்டாரு. நல்ல வேளையா ஃபைல்ல இருந்துச்சு. அதையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு காட்டினாரு. மறுநாள் படத்துல ஸ்க்ரூவ எலும்பு நெருக்கமா கவ்விட்டு இருக்கு, நடுவுல எடமே இல்ல. புது படத்துல கீழ் ரெண்டு ஸ்க்ரூவ சுத்தி கண்ணுக்கு மை தீட்டின மாதிரி ஒரு கருப்பு ஓரம். எக்ஸ்ரேல எலும்பு வெள்ளையா தெரியும், எலும்பு இல்லாத எடம் கருப்பா தெரியும், ஸ்க்ரூவ சுத்தி ஒரு மில்லிமீட்டருக்கு மேல இப்படி கருப்பு தெரிஞ்சா அது லூசாயிருக்கலாம்னு சந்தேகப்படணும்னு சொன்னாரு. தனியா பாத்தா என் கண்ணுக்கு அது தெரியவே இல்ல, ரெண்டையும் சேத்து பாத்தப்போ தெரியாம இருக்க முடியல. அதனால வாசகர்களுக்கு நான் கெஞ்சி கேக்கறேன், ஆபரேஷன் முடிஞ்சதும் எடுத்த மொத படத்த பத்திரமா வெச்சுக்கோங்க, கம்ப்யூட்டர்ல போட்டு பாக்கற சிடி தட்டுல பதிஞ்சு வாங்கிக்கோங்க. ஜன்னல்ல புடிச்சு மொபைல்ல ஃபோட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்பினா அந்த ஒரு மில்லிமீட்டர் கருப்பெல்லாம் அதுல போயே போயிடும்.

கேஜ் பத்தியும் அப்பதான் கேட்டேன், ஏன்னா படத்துல கேஜே தெரியல, ரெண்டு குட்டி வெள்ளை புள்ளி மட்டும் தெரிஞ்சுது, உள்ள ஊசி எதையோ விட்டுட்டாங்களோன்னு அத்தன மாசமா பயந்துட்டே இருந்திருக்கேன். அது பீக்னு ஒரு பிளாஸ்டிக் வகையாம், எக்ஸ்ரே அதுக்குள்ள பூந்து போயிடும், உள்ள எலும்பு வளருதான்னு பாக்க மறைக்காம இருக்கணும்னே அதுல செய்யறாங்களாம், கேஜ் எங்க இருக்குன்னு அடையாளம் தெரிய டான்டலம்ங்கற உலோகத்துல சின்ன புள்ளி வெச்சிருப்பாங்களாம். அந்த புள்ளி பழைய படத்துல இருந்த எடத்துலயே இருக்கா, இல்ல எலும்புக்குள்ள அமுங்கி எறங்கியிருக்கான்னும் அத வெச்சே பாக்கலாம். இத ஒரு நிமிஷத்துல மொதலயே யாராச்சும் சொல்லியிருந்தா எனக்கு அத்தன ராத்திரி தூக்கம் போயிருக்காது.

சரி, கருப்பு ஓரம் ஒரு சந்தேகம்தான், முடிவு இல்ல. அடுத்து குனிஞ்சு ஒரு எக்ஸ்ரே, பின்னாடி வளைஞ்சு ஒரு எக்ஸ்ரே. ரெண்டு படத்துலயும் அந்த ரெண்டு எலும்புக்கும் நடுவுல கோணம் எவ்ளோ மாறுதுன்னு அளப்பாங்க. அமெரிக்காவோட எஃப்டிஏ புது கருவிகளுக்கு அனுமதி குடுக்கற சோதனைகள்ல 5 டிகிரிக்கு கம்மியா கோணமும் 3 மில்லிமீட்டருக்கு கம்மியா நகர்வும் இருந்தா, கூடவே எலும்புப் பாலமும் தெரிஞ்சா ஒட்டினதா எடுத்துக்கறாங்க, வேற வேற ஆராய்ச்சியாளருங்க இதவிட கண்டிப்பான அளவும் வெச்சிருக்காங்க. என் ரிப்போர்ட்ல "அசைவு இல்லை"ன்னு வந்துச்சு. எனக்கு சந்தோஷம் தாங்கல. டாக்டர் மட்டும் படத்த உத்து பாத்துட்டு "நீங்க குனியவே இல்லையேம்மா"ன்னாரு.

உண்மைதான். எக்ஸ்ரே எடுத்த தம்பி "முடிஞ்ச வரைக்கும் குனிங்கம்மா"ன்னு பாவம் பொறுமையா நாலு தடவ சொன்னாரு, நான் வலிக்கு பயந்து முதுக கட்டை மாதிரி வெச்சுட்டு இடுப்பு மூட்ட மட்டும் மடக்கி குனிஞ்சிருக்கேன். டாக்டர் எப்படி கண்டுபிடிச்சாருன்னா, ஆபரேஷன் பண்ணாத மேல் எலும்புங்க எவ்ளோ அசைஞ்சிருக்குன்னு பாத்தாரு, அதுவும் அசையல. நல்லா இருக்கற எலும்பே அசையாத படத்த வெச்சு ஆபரேஷன் பண்ண எலும்பு அசையலன்னு சொன்னா அதுக்கு என்ன அர்த்தம் இருக்கு? அதுக்கு மேல ராட் வேற முட்டு குடுத்துட்டு நிக்குது. ஆக இந்த குனிஞ்சு நிமிர்ற படத்துல அசைவு தெரிஞ்சா அது பெரிய விஷயம், நம்பலாம். அசைவு தெரியலன்னா மட்டும் ஒட்டிடுச்சுன்னு நம்பிட கூடாது. இந்த வித்தியாசம் நோயாளிக்கு மட்டும் இல்ல, ரிப்போர்ட் எழுதறவங்களுக்கும் ஞாபகம் இருக்கணும்னு ஆசப்படறேன்.

கடைசியா சிடி எடுத்தாங்க. எம்ஆர்ஐ தான பெரிய டெஸ்ட், அத எடுத்துடலாமேன்னு நான்தான் கேட்டேன், நிறைய பேரு அப்படித்தான் நெனைச்சுட்டு இருக்கோம். நரம்பு, டிஸ்க், சீழ் புடிச்சிருக்கா, பக்கத்து டிஸ்க் தேஞ்சிருக்கா, இதுக்கெல்லாம் எம்ஆர்ஐதான் கெட்டி. எலும்பு ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கத்துக்கு அறுபடாம போகுதான்னு பாக்க சிடிதான் சரி. எக்ஸ்ரேங்கறது ஒரு நிழல் மாதிரி, செவத்துக்கு முன்னாடி ஒரு கைய கிட்டயும் இன்னொரு கைய தூரமாவும் வெச்சா நிழல்ல ரெண்டும் சேந்துட்ட மாதிரி தெரியும்ல, அதேதான், முன்னாடி ஒரு துண்டு எலும்பும் பின்னாடி ஒரு துண்டும் இருந்தா எக்ஸ்ரேல ஒரே பாலமா தெரியும். இன்னொண்ணு, ஆபரேஷன்ல வெச்ச எலும்புத்தூளே மொத நாள்ல இருந்து வெள்ளையாதான் தெரியும், வெள்ளை தெரிஞ்சாலே ஒட்டிடுச்சுன்னு இல்ல. சிடி ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிசா சீவி சீவி படம் எடுத்து, அத முன்பக்க வெட்டா, பக்கவாட்டு வெட்டா எப்படி வேணா திருப்பி அடுக்கி காட்டும். உலோகத்த சுத்தி வெள்ளையும் கருப்புமா கோடு கோடா சிதறும், அது சிடியோட குறை, டைட்டானியமா இருந்தா ஸ்டீல விட கம்மியா சிதறும், இப்ப அத குறைக்கற சாஃப்ட்வேரும் இருக்கு. அதனால நம்ம உடம்புல என்ன உலோகம் போட்டாங்கங்கற சீட்ட கையோட எடுத்துட்டு போறது நல்லது.

என்னோட சிடில கேஜ் பக்கத்துல, மேல் எலும்புக்கும் கீழ் எலும்புக்கும் நடுவுல, இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரு கருப்பு கோடு ஓடுது. எலும்பு மேல இருந்து கொஞ்சம் வளந்து எறங்கியிருக்கு, கீழ இருந்து கொஞ்சம் வளந்து ஏறியிருக்கு, நடுவுல ரெண்டும் கை கோக்கல. அந்த படத்த பாத்த நிமிஷம் நான் அழுதுட்டேன், பயத்துல இல்ல, என் வலி என் கற்பனை இல்லைன்னு ஒரு படம் சொல்லிடுச்சேன்னுதான். அத்தன மாசமா எல்லாரும் ஒட்டிடுச்சு ஒட்டிடுச்சுன்னு சொன்னதால எனக்கே என் மேல சந்தேகம் வந்திருந்துச்சு.

கிருமியால லூசாச்சான்னு ரத்த டெஸ்ட்டும் எம்ஆர்ஐயும் பாத்தாங்க, இல்லன்னு வந்துச்சு. விட்டமின் டி ரொம்ப கம்மியா இருந்துச்சு, அத மொதல்ல ஏத்தினாங்க. அதுக்கப்புறம்தான் ரெண்டாவது ஆபரேஷன், லூசான ஸ்க்ரூவ எடுத்துட்டு பெருசா போட்டு, என் இடுப்பெலும்புல இருந்தே எலும்பு எடுத்து வெச்சாங்க. தெறந்து கருவியால மெல்ல அசைச்சு பாத்தப்போ அந்த எடம் கண்ணுக்கு தெரியற மாதிரி ஆடுச்சாம். எந்த படம் எடுத்தாலும் உறுதியான கடைசி சாட்சி இப்படி தெறந்து பாக்கறதுதான்னு சொல்றாங்க, ஆனா பாக்கறதுக்காகவே யாரையும் தெறக்க முடியாதே, அதனாலதான் படத்த ஒழுங்கா எடுக்கறதும் ஒழுங்கா படிக்கறதும் இவ்ளோ முக்கியமா இருக்கு.

இதுக்கு நேர் எதிரான பயமும் இருக்கு, அதையும் சொல்லிடணும். ரெண்டாவது தடவ ரிவ்யூக்கு காத்துட்டு இருந்தப்போ பக்கத்துல ஒரு அண்ணன், ஆபரேஷன் ஆகி ஆறு மாசம், கையில சிடி ரிப்போர்ட், "முழுமையாக இணையவில்லை"ன்னு போட்டிருக்குன்னு முகமெல்லாம் வெளிறி உக்காந்திருந்தாரு. வலி இருக்கான்னு கேட்டேன், இல்லைங்கறாரு. உள்ள போயிட்டு வந்தப்போ அவரு முகமே வேற. ஆறு மாசத்துல பாலம் பாதி வளந்திருக்கறது சகஜம், ஸ்க்ரூ லூசாகல, வலியும் இல்ல, ஒரு வருஷம் வரைக்கும் காத்திருந்து பாக்கலாம்னு டாக்டர் சொன்னாராம். ஒட்டாத எலும்போடயே வலி இல்லாம நடமாடறவங்களும் இருக்காங்க, கெட்டியா ஒட்டியும் வலியோட இருக்கறவங்களும் இருக்காங்க. படத்த மட்டும் பாத்து யாரையும் டேபிள்ல ஏத்திட கூடாது, படத்தயும் ஆளையும் சேத்து பாக்கணும். எலும்பு ஸ்கேன்னு மருந்து ஊசி போட்டு எடுக்கறதும் இப்படித்தான், ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம் வரைக்கும் கூட அந்த எடம் பளிச்னு காட்டும், அது எலும்பு வேல செஞ்சுட்டு இருக்கறதாலயும் இருக்கலாம், சீக்கிரமா எடுத்துட்டு பயந்தா வீண் பயம்.

அப்போ மாசா மாசம் சிடி எடுத்து பாத்துடலாமேன்னு கேக்காதீங்க. கீழ் முதுகு சிடி ஒரு தடவைக்கு ஏறக்குறைய 6 மில்லிசீவர்ட் (கதிர்வீச்ச அளக்கற அலகு) கதிர்வீச்சு, உலகத்துல ஒரு மனுஷனுக்கு இயற்கையாவே ஒரு வருஷத்துல கெடைக்கறது சராசரியா 2.4. அதாவது ஒரு சிடி ரெண்டு வருஷத்துக்கு மேல இயற்கையில வாங்கறதுக்கு சமம். பயந்து ஓட வேண்டிய அளவு இல்ல, தேவையில்லாம வாங்கிக்கற அளவும் இல்ல. கர்ப்பமா இருந்தா, இருக்கலாம்னு சந்தேகம் இருந்தா கூட எக்ஸ்ரே ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடியே சொல்லிடணும். எனக்கு இப்போ பண்றது, நடுநடுவுல நின்னுட்டு எடுக்கற சாதாரண எக்ஸ்ரே, ஒவ்வொண்ணையும் முந்தினதோட ஒப்பிட்டு பாக்கறாங்க, ஒரு வருஷம் முடிஞ்சப்போ ஒரே ஒரு சிடி.

அந்த சிடி போன மாசம்தான் எடுத்தேன். கேஜுக்கு முன்னாடி, மேல் எலும்புல இருந்து கீழ் எலும்புக்கு எங்கயும் அறுபடாம வெள்ளையா ஒரு எலும்பு வளைஞ்சு எறங்கியிருக்கு. உள்ள இருக்கற நார் மாதிரி கோடு கூட இந்த பக்கத்துல இருந்து அந்த பக்கம் தொடர்ந்து போறது தெரியுது. ஸ்க்ரூவ சுத்தி மை தீட்டல. "இப்ப சொல்றேன்மா, ஒட்டிடுச்சு"ன்னாரு டாக்டர். ஒரே வார்த்தைதான், ஆனா இந்த தடவ அதுக்கு பின்னாடி ஒரு வருஷமும் அஞ்சு படமும் இருந்துச்சு.

உங்க மருத்துவப் பக்கத்துல அடுத்த தடவ ஆபரேஷன் பத்தி எழுதும்போது வீடு திரும்பின அப்புறம் வர்ற அந்த ஒரு வருஷத்த பத்தியும் எழுத சொல்லுங்க. சிகரெட் புடிச்சா எலும்பு ஒட்டறது தடைபடும், சர்க்கரை கட்டுப்பாட்டுல இல்லன்னா தள்ளி போகும்னு அதுலயே ஒரு வரி சேத்து எழுதலாம், இதெல்லாம் எனக்கு ரெண்டாவது ஆபரேஷன் அப்போதான் சொன்னாங்க. உங்க பேப்பர படிக்கற ரேடியாலஜி டாக்டருங்களுக்கும் ஒரு வேண்டுகோள். உலோகம் எடத்துல இருக்குன்னு மட்டும் எழுதி முடிக்காம, எந்த எலும்புக்கும் எந்த எலும்புக்கும் நடுவுல பாலம் தெரியுது அல்லது தெரியல அல்லது இந்த படத்துல சொல்ல முடியல, ஸ்க்ரூவ சுத்தி கருப்பு இருக்கு அல்லது இல்ல, எந்த தேதி படத்தோட ஒப்பிட்டு இத சொல்றோம், இத்தன வரி எழுதினா போதும். "சொல்ல முடியல"ன்னு எழுதினா கூட எங்களுக்கு அது உதவிதான், அப்ப அடுத்து எங்க போகணும்னு தெரியும். மூணாம் மாசம் என் கைல வந்த ரிப்போர்ட்ல அந்த ஒரு வரி இருந்திருந்தா நான் அந்த பெல்ட்ட அன்னிக்கு கழட்டியிருக்கவே மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் பத்திரிகையைப் பல வருஷமா படிக்கும் ஒரு வாசகி